டிஎம்எஸ்ஓவை மூட்டுவலி மருந்தாகச் சொல்லித்தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் காணொலிகளைப் பார்த்துவிட்டு, அதில் கேட்டதைத் தமிழில் எடுத்துச் சொல்லி, "இந்த ஒரு பாட்டில் வீட்டில் இருந்தால் போதும், மூட்டுவலி, வீக்கம் எதுவும் இருக்காது" என்று டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான் திரவத்தை, அதாவது டிஎம்எஸ்ஓவை, பரிந்துரைக்கிற எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் பெரும்பாலானவர்கள் இதைக் காசுக்காகச் செய்வதில்லை என்றே நினைக்கிறேன். வலியோடு இருக்கும் ஒருவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான். அதனால்தான் திட்டாமல் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்பவன். டிஎம்எஸ்ஓ எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும் பொருள். ஏசியைக் கொஞ்சம் அதிகமாக வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். அதன் உறைநிலை 18.5 டிகிரி. காலையில் வந்து பாட்டிலை உள்ளங்கையில் பிடித்துச் சூடாக்கி உருக்குவது எங்களுக்குப் பழகிய வேலை. தண்ணீரோடு கலந்தால் குழாய் கையில் சுடும். தவறான பிளாஸ்டிக்கில் ஊற்றினால் பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துக் கரைய ஆரம்பிக்கும். வடிகட்டியைக் கூடப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்: செல்லுலோஸ் அசிட்டேட் வடிகட்டியில் டிஎம்எஸ்ஓவை ஊற்றினால் வடிகட்டியும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். இதைத்தான் நீங்கள் "இயற்கையான மரச்சாறு" என்கிறீர்கள். காகித ஆலையில் மரக்கூழ் தயாரிக்கும்போது மிஞ்சும் கழிவிலிருந்து இதை எடுக்க முடியும் என்பது உண்மைதான். அதற்காக இது சாறு ஆகிவிடாது.

நீங்கள் சொல்வதில் சரியாக இருப்பவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். டிஎம்எஸ்ஓ தோலைத் துளைத்து உள்ளே போகும். தடவிய சில நிமிடங்களில் வாயில் பூண்டு மாதிரி ஒரு சுவை தெரிவது அதற்குச் சாட்சி. அழற்சி நடக்கும் இடத்தில் உருவாகும் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்கை இது பிடித்துச் செயலிழக்க வைக்கும். வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்களில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைக்கும். இதெல்லாம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். சொல்லப்போனால், எங்களுக்கு அது தலைவலி. ஒரு புதிய மருந்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்துச் செல்லில் போட்டு, அழற்சி குறைந்தால், குறைத்தது மருந்தா, கரைப்பானா? அதனால்தான் ஒவ்வொரு சோதனையிலும் வளர்ப்புத் தட்டில் வெறும் டிஎம்எஸ்ஓ போட்ட ஒரு குழியைத் தனியாக வைப்போம். மருந்துக் குழியில் கூட டிஎம்எஸ்ஓவின் அளவு அரை சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம்.

அப்படியானால் முழங்காலில் 70, 90 சதவீதம் தடவினால் இன்னும் நன்றாக வேலை செய்யுமே என்று உங்களுக்குத் தோன்றும். 1960களில் அமெரிக்காவில் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. நீங்கள் "மறைக்கப்பட்ட மருந்து" என்று சொல்லும் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதை முழுக்கச் சொன்னால் உங்கள் தலைப்பு நிற்காது.

இந்தச் சேர்மத்தை ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாந்தர் சைட்செவ் 1866இல் தயாரித்தார். அதன்பின் ஏறக்குறைய நூறு வருடம் இது வெறும் கரைப்பான். போர்ட்லந்தில் ஒரிகன் மருத்துவக் கல்லூரியில் உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் இருந்த அறுவை மருத்துவர் ஸ்டான்லி ஜேக்கப், உறுப்புகளை உறைய வைத்துப் பாதுகாக்க ஒரு திரவம் தேடிக்கொண்டிருந்தார். கிரவுன் செல்லர்பாக் என்ற காகித நிறுவனத்தில் இருந்த ராபர்ட் ஹெர்ஷ்லர், காகிதக் கழிவிலிருந்து வரும் இந்தத் திரவத்துக்கு என்ன உபயோகம் என்று தேடிக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்தார்கள். தோலில் பட்டால் உள்ளே போகிறது, வலி குறைகிறது, வீக்கம் வடிகிறது என்று ஜேக்கப் சொல்ல ஆரம்பித்ததும் நாடே பரபரப்பானது. மருந்து நிறுவனங்கள் வரிசையில் நின்றன. மறைக்க நினைத்த எந்தப் பொருளுக்கும் இவ்வளவு விளம்பரம் கிடைத்ததில்லை.

1965 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மனிதர்கள் மீதான பரிசோதனைகளை நிறுத்தியது. நாய், முயல், பன்றி ஆகியவற்றுக்கு அதிக அளவில் கொடுத்தபோது கண்ணின் வில்லையில் மாற்றம் தெரிந்ததுதான் காரணம். நீங்கள் இந்த இடத்தில் "பெருநிறுவனச் சதி" என்று முடித்துவிடுகிறீர்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். தாலிடோமைடு மாத்திரையால் கைகால் குறைந்து பிறந்த குழந்தைகளின் படங்கள் 1961, 62இல் உலகம் முழுக்க வந்திருந்தன. பலன் தருகிறது என்று நிரூபித்தால்தான் மருந்தை விற்கலாம் என்று அமெரிக்கா 1962இல்தான் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சூழலில் கண்ணைப் பாதிக்கும் என்ற சந்தேகம் வந்த ஒரு பொருளை எந்த அதிகாரி தொடர விடுவார்? நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன்.

நிறுத்தியதோடு கதை முடியவும் இல்லை. கலிஃபோர்னியாவில் வாக்கவில் சிறைக் கைதிகள் மீது, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் வீதம், தினமும் தோலில் தடவி, முதலில் 14 நாள், பிறகு 90 நாள் சோதித்தார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம்! (கைதிகளை வைத்துச் சோதிப்பதை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் ஒத்துக்கொள்ளாது. அந்தச் சங்கடத்தை ஓரமாக வைக்க முடியவில்லை, ஆனால் முடிவு முடிவுதான்.) விலங்குகளில் கண்ட கண்வில்லை மாற்றம் மனிதர்களில் தெரியவில்லை. 1970இல் குதிரைகளுக்கும் நாய்களுக்கும், அடிபட்ட வீக்கத்துக்குத் தடவ, அனுமதி கிடைத்தது. 1978இல் மனிதர்களுக்கும் கிடைத்தது: 50 சதவீதக் கரைசல், சிறுநீர்ப்பையில் வரும் ஒருவகை நாள்பட்ட அழற்சிக்கு. 50 மில்லி கரைசலைச் சிறு குழாய் வழியே பைக்குள் செலுத்தி, 15 நிமிடம் வைத்திருந்து வெளியேற்றுவார்கள். இன்றைக்கும் அந்த அனுமதி இருக்கிறது. பூட்டி வைத்த மருந்துக்கு அனுமதிச் சீட்டு எங்கிருந்து வந்தது?

இன்னும் இருக்கிறது. புற்றுநோய்க்கு ரத்தக்குழாயில் ஏற்றும் சில மருந்துகள் ஊசி விலகித் தோலுக்கடியில் கசிந்துவிட்டால் சதையை அரித்துவிடும். அப்போது டிஎம்எஸ்ஓவை மேலே தடவும் வழக்கம் உண்டு. அடிபட்டபின் கையோ காலோ காரணமின்றி வீங்கிச் சிவந்து எரியும் ஒரு வலி நோய்க்கு நெதர்லாந்து மருத்துவர்கள் 50 சதவீதக் களிம்பு எழுதிக்கொடுக்கிறார்கள். ரத்தக் குருத்தணுக்களை உறைய வைக்கும் பையில் பத்து சதவீத அளவுக்கு இதுதான் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று வார்டுக்குள் நுழைந்தால் வரும் பூண்டு வாடைக்கு அதுதான் காரணம். பலன் தெரிந்த இடத்தில் மருத்துவம் இதை எடுத்து வைத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளாத இடம் முழங்கால். ஏன் என்பதைத்தான் நீங்கள் சொல்வதே இல்லை.

முழங்காலில் இதைச் சோதிப்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ விஷயத்தில் அது எப்படி முடியும்? தடவியவருக்கு வாயில் சுவை தெரியும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு மூச்சில் வாடை தெரியும். சோதிக்க வரும் மருத்துவருக்கும் தெரியும். "எனக்கு உண்மையான மருந்து கிடைத்திருக்கிறது" என்று தெரிந்தவுடனே பாதி வலி குறைந்துவிடும். ஆரம்ப கால ஆய்வுகளில் வந்த பிரமாதமான பலன்களை நம்ப முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெற்று மருந்திலும் வாடை வரும் அளவுக்கு மட்டும், 2.3 சதவீதம், டிஎம்எஸ்ஓவைக் கலந்தார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 775 பேரைப் பிரித்து, சிலருக்கு டிஎம்எஸ்ஓவில் கரைத்த டைக்லோஃபெனாக் என்ற வலி மருந்து, சிலருக்கு வெறும் 45.5 சதவீத டிஎம்எஸ்ஓ, சிலருக்கு அந்த வாசனை வெற்று மருந்து, வேறு சிலருக்கு டைக்லோஃபெனாக் மாத்திரை என்று 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். டைக்லோஃபெனாக் கலந்த கரைசல் நன்றாக வேலை செய்தது. வெறும் டிஎம்எஸ்ஓ? வெற்று மருந்தைவிட ஒரு படி கூட மேலே போகவில்லை.

உங்களுக்குச் சாதகமான ஆய்வும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 1995இல், 112 பேருக்கு, 25 சதவீதக் களிம்பை மூன்று வாரம் கொடுத்ததில் வலி குறைந்ததாக முடிவு வந்தது. மூன்று வாரத்தையும் பன்னிரண்டு வாரத்தையும், 112 பேரையும் 775 பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எது பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தோல் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளின் விரல் புண்களுக்கு 84 பேரை வைத்து 1985இல் நடந்த ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 70 சதவீத டிஎம்எஸ்ஓ, 2 சதவீத டிஎம்எஸ்ஓ, வெறும் உப்புநீர் மூன்றுக்கும் நடுவில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 70 சதவீதம் பயன்படுத்தியவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டவர்களைத் தோல் தாங்காமல் ஆய்விலிருந்தே விலக்க வேண்டியிருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். அழற்சியைக் குறைக்கும் என்று நீங்கள் சொல்லும் பொருள், தடவிய இடத்தில் தோலுக்கு அழற்சியை உண்டாக்குகிறது. அதிக அடர்த்தியில் தோலில் பட்டால் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியாகிறது. சிவக்கிறது, அரிக்கிறது, பூச்சிக்கடி மாதிரி தடிக்கிறது, எரிகிறது, பிறகு உலர்ந்து செதில் செதிலாக உரிகிறது. "எரிகிறதா? அப்படியென்றால் மருந்து வேலை செய்கிறது, நச்சு வெளியேறுகிறது" என்று பதில் சொல்லும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. எந்த நச்சும் வெளியேறவில்லை. தோல்தான் போதும் என்கிறது.

சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பீர்கள். பொருள் தனியாக இருந்தால் அது ஓரளவு சரி. டிஎம்எஸ்ஓ நச்சுத்தன்மை குறைந்த கரைப்பான்தான். ஆனால் நீங்கள் சொல்லி ஒருவர் வாங்குவது தனிப் பொருளை அல்ல, ஒரு பாட்டிலை. இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஆய்வகத்துக்கோ தொழிற்சாலைக்கோ தயாரித்தது. 99.9 சதவீதத் தூய்மை என்று போட்டிருப்பதைக் காட்டி "மருந்துத் தரத்தைவிட மேல்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மீதி 0.1 சதவீதம் என்றால் 100 கிராமில் 100 மில்லிகிராம். அது என்ன பொருள்? ஆய்வகத்தில் எனக்கு அது பொருட்டில்லை, என் செல்கள் புகார் சொல்வதில்லை. அவை செத்தால் வேறு தட்டு வளர்ப்பேன். மனித உடலுக்குள் போகிற மருந்தில் ஒவ்வொரு கலப்படத்துக்கும் தனித்தனி வரம்பு வைத்துச் சோதிக்கிறார்கள். லேபிளில் "ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று சிறிய எழுத்தில் இருப்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. அந்தச் சோதனைகளைச் செய்யவில்லை என்று தயாரிப்பாளரே உங்களிடம் சொல்லும் இடம் அது.

அதைவிடப் பெரியது, தோலின் மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. டிஎம்எஸ்ஓவின் பெருமையே தான் போகும்போது கூட இருக்கும் சிறு மூலக்கூறுகளையும் இழுத்துக்கொண்டு போவதுதான். நல்லது கெட்டது பார்த்து அது இழுப்பதில்லை. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே இதுதான்: டிஎம்எஸ்ஓ கையில் கொட்டினால் பயம் டிஎம்எஸ்ஓவைப் பற்றியது அல்ல, அதில் என்ன கரைந்திருந்தது என்பதைப் பற்றியது. மெல்லிய கையுறையைக் கூட ஊடுருவிவிடும் என்பதால் நனைந்தவுடன் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டுகிறோம். இப்போது உங்கள் காணொலியைப் பார்க்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு, கையை மேலோட்டமாகக் கழுவிவிட்டு, வலிக்கிற முழங்காலில் உங்கள் பாட்டிலை ஊற்றித் தேய்க்கிறார். அல்லது ஒரு பாட்டி, காலையில் போட்ட வலி நிவாரணத் தைலம் காயாமல் இருக்கும்போதே, அதற்கு மேலேயே இதையும் தடவுகிறார். அந்தத் தைலத்தைத் தயாரித்தவர் தோலின் வழக்கமான தடுப்பைக் கணக்கில் வைத்துத்தான் அளவு போட்டிருக்கிறார். நீங்கள் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறீர்கள்.

சிலர் குடிக்கவும் சொல்கிறீர்கள். கண்ணில் சொட்டு விடவும் சொல்கிறீர்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் என்று பட்டியல் நீள்கிறது. இதைப் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டத்தில், எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. புற்றுநோய், சர்க்கரை நோய், வாத நோய் மூன்றும் அதில் உண்டு. பாட்டில் வாங்கும் இணைப்பையும் கீழே போடுபவர்கள் அதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது வேறொன்று. "மூட்டு வீக்கம்" என்ற ஒரே பெயரில் நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலை நீட்டுகிறீர்கள். வயதானவரின் முழங்கால் தேய்மானம் ஒன்று. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஆகியும் விரலை மடக்க முடியாமல், தோசைக் கரண்டியைப் பிடிக்கச் சிரமப்படுவது முற்றிலும் வேறொன்று. அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை முதல் சில மாதங்களுக்குள் ஆரம்பித்தால் மூட்டு அரிக்காமல் காப்பாற்றலாம். தாமதித்தால் அரித்தது அரித்ததுதான். அந்தச் சில மாதத்தை அவர் ஒரு கரைப்பானைத் தேய்த்துக்கொண்டே கழித்தால், வலி அவ்வப்போது கொஞ்சம் குறைவது போல இருப்பதே அவருக்கு எதிரியாகிவிடும். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து சூடாக வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும். அங்கே மாதக் கணக்கு கிடையாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முழங்கால் தேய்மானம்தான் என்று தெரிந்தவருக்கும் வழி இல்லாமல் இல்லை. டைக்லோஃபெனாக் களிம்பு நம் ஊர் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், எடை அதிகம் என்றால் கொஞ்சம் குறைப்பதும் பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இவற்றில் எதுவும் காணொலிக்குத் தலைப்பு வைக்கும் அளவுக்குச் சுவாரசியமாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கண்ணில் விடச் சொல்லும், குடிக்கச் சொல்லும் பதிவுகளை எடுத்துவிடுங்கள். அதற்கு விவாதமே வேண்டாம். மூட்டுவலிப் பதிவுகளை எடுக்க மனம் வரவில்லை என்றால், வெறும் டிஎம்எஸ்ஓ முழங்காலில் வெற்று மருந்தை வெல்லவில்லை என்ற 2009ஆம் ஆண்டு முடிவை அதே பதிவில், அதே சத்தத்தில் சொல்லுங்கள். பாட்டிலைக் காட்டும்போது லேபிளின் பின்பக்கத்தையும் கேமராவுக்கு முன் பிடியுங்கள். விரல் கணு வீக்கம், காலை விறைப்பு, காய்ச்சலோடு வரும் வீக்கம் என்று யாராவது கேட்டால் உங்கள் ஆலோசனையை நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஏற்கெனவே உங்கள் பேச்சைக் கேட்டுத் தடவிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் வேறு மாத்திரைகளும் சாப்பிடுபவர்களாக இருப்பார்கள். சுலிண்டாக் என்ற வலி மாத்திரையோடு டிஎம்எஸ்ஓ சேர்ந்தபோது கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. எனவே அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது, அறுவை சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும்போது, இதைத் தடவுவதை வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். பூண்டு வாடையை வைத்து மருத்துவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தினமும் டிஎம்எஸ்ஓ பாட்டிலைத் திறந்து மூடும் ஓர் ஆய்வக ஊழியன்